ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் கேட்காது

திருச்சியில் வீடு வீடாகப் போய்க் கணினி பழுது பார்ப்பது என் தொழில். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் வீடுகள் இங்கே ஏராளம். 2005-க்குப் பிறகு பிராட்பேண்ட் பரவியதும், இந்த வீடுகளிலிருந்து அடிக்கடி வந்த புகார் ஒன்றுதான்: "நான் பேசுறது அவனுக்குக் கேக்குது, அவன் பேசுறது எனக்குக் கேக்கல."

கணினி ஓடவே இல்லை என்றால்கூட இவர்கள் இவ்வளவு தவித்ததில்லை. பிள்ளை எதிர்முனையில் இருக்கிறான் என்று தெரியும், குரல் மட்டும் வராது. அந்தத் தவிப்பைப் பார்த்ததால், வேறு வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் ஓடுவேன்.

எல்லாரும் உடனே சந்தேகப்படுவது மைக்கைத்தான். உறையூரில் ஓர் அம்மாவுக்கு மகன் குரல் கேட்கவில்லை. மகன் சிங்கப்பூரில் புது ஹெட்செட்டே வாங்கிவிட்டார், அப்படியும் பலனில்லை. அம்மா பேசப் பேச, மகன் பதிலை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவார். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

கணினியில் ஒரு பாட்டைப் போட்டேன், ஸ்பீக்கர் நன்றாகப் பாடியது. மகனை சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து பேசச் சொன்னேன். பச்சைக் கோடு ஆடுகிறது, பதிவும் தெளிவாக இருக்கிறது என்று தட்டினார். சரி, மைக்கில் குறையில்லை.

மணி அடிப்பது ஒரு வழி, குரல் போவது வேறு வழி. அவர்கள் வைத்திருந்தது சிப் (SIP) என்ற, இணையம் வழியாக அழைப்பை இணைக்கும் முறையில் இயங்கும் நெட்போன் மென்பொருள். அதில் அழைப்பை இணைக்கும் செய்தி வழக்கமாக 5060 என்ற போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், சர்வர் வழியாகப் போகும். குரலோ யுடிபி (UDP) என்ற முறையில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வேறு போர்ட்டுகளில் போகும். அதிலும் போகிற குரல் தனி, வருகிற குரல் தனி. ஒன்று தடைபட்டாலும் மற்றது பாட்டுக்கு ஓடும்.

அம்மாவின் கணினி "என் முகவரி 192.168.1.2, குரலை இங்கே அனுப்பு" என்று எதிர்முனைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அது ரூட்டர் வீட்டுக்குள் கொடுக்கும் எண், வெளியே செல்லாது. தெருவும் ஊரும் எழுதாமல் கதவு எண் மட்டும் எழுதிய கடிதம் எங்கே போய்ச் சேரும்? மகன் பேசியதெல்லாம் அப்படித்தான் வழியிலேயே தொலைந்தது. அவர் அங்கே எத்தனை ஹெட்செட் மாற்றினாலும் தீராது. பழுது இருந்தது உறையூர் வீட்டில்.

மென்பொருளின் அமைப்புகளில் ஸ்டன் சர்வர் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்பினால், தன் வெளி முகவரி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதையே சொல்லும். அப்புறம், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவலான ஃபயர்வால். விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, 2004 ஆகஸ்டில் வந்ததிலிருந்து ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. விதிவிலக்குப் பட்டியலில் மென்பொருளைச் சேர்த்துவிட்டு மறுபடி அழைக்கச் சொன்னேன். மகன் குரல் ஸ்பீக்கரில் வந்துவிட்டது. அம்மாவோ பழக்கத்தில் திரையில் எழுத்து வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார்!

இப்போது பிரவுசரிலேயே பேசும் சேவைகள் ஸ்டன் வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. நேர்வழி கிடைக்காவிட்டால் இடையில் ஒரு சர்வர் குரலை வாங்கி மறுபக்கம் கொடுத்துவிடும். அதனால் முகவரிக் கோளாறு வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று பெரும்பாலும் குற்றவாளி மைக்தான். மொபைலுக்கு வந்த ஒற்றைப் பின் ஹெட்செட்டை மேசைக் கணினியின் பச்சைத் துளையில் சொருகிவிடுகிறார்கள். சத்தம் கேட்கும், மைக் வேலை செய்யாது. மைக்குக்குப் பிங்க் துளை தனியாக இருந்தால், பின்னை இரண்டாகப் பிரிக்கும் சின்ன ஒயர் போதும். விண்டோஸ் பிரைவசி அமைப்பில் மைக் அனுமதி அணைந்திருப்பதும் உண்டு.

எதுவானாலும் ஒரு முனையை மட்டும் பார்த்து இந்தப் பழுதைச் சொல்ல முடியாது; இரண்டு பேரும் லைனில் இருக்க வேண்டும். அதனால் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் என்றால் இரவு 7 மணிக்குப் போவேன், அங்கே 9.30 ஆகி வேலை முடிந்து வந்திருப்பார்கள். துபாய் என்றால் நமக்கு 9 மணிக்கு அங்கே 7.30 தான், அதனால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன்.