பிலிப்பைன்ஸ் மருத்துவமனைகளில் கட்டணம் கட்டும் வழிகள்

பிலிப்பைன்ஸின் அரசு மருத்துவமனைகளில் நோயாளியுடன் வீட்டார் ஒருவரும் தங்க வேண்டியிருக்கிறது. ‘பந்தாய்’ என்று இங்குள்ளோர் அழைக்கும் அந்தத் துணையாள்தான் வார்டில் இல்லாத மருந்தை வெளிக்கடையில் வாங்கி வருவார். இரவில் கட்டிலுக்கடியில் அட்டையை விரித்துப் படுப்பார். பகலில் கட்டணத்துக்காக அலைவார்.

மணிலாவில் என் பக்கத்து வீட்டுப் பெண், தன் தந்தையின் பித்தப்பை அறுவை சிகிச்சையின்போது ஒரு பிளாஸ்டிக் கோப்புறையைக் கையைவிட்டு இறக்கவே இல்லை. மருத்துவச் சுருக்கம், கட்டண விவரம், ஏழ்மை நிலைக்கு பரங்காய் (மிகச் சிறிய உள்ளாட்சிப் பிரிவு) அலுவலகம் தந்த சான்றிதழ், அடையாள அட்டை ஆகிய அனைத்தும் அதற்குள் பல நகல்களாக இருந்தன. ஏனெனில், உதவி கேட்டுச் செல்லும் ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியே ஒரு கட்டு கேட்கிறது.

இந்த அலைச்சலைக் குறைப்பதற்காகவே மலசாகிட் மையங்கள் ஏற்பட்டன. 2018இல் செபு நகரில் முதல் மையம் திறக்கப்பட்டது. 2019இல் அதற்கென்றே சட்டமும் வந்தது. சுகாதாரத் துறை, சமூகநலத் துறை, பில்ஹெல்த் என்னும் அரசுக் காப்பீட்டு நிறுவனம், அரசு லாட்டரியை நடத்தும் அறக்கொடை அலுவலகம் ஆகிய நான்கின் உதவியையும் மருத்துவமனைக்குள்ளேயே ஓரிடத்தில் கேட்கலாம். (யாரோ வாங்கிய லாட்டரிச் சீட்டு இன்னொருவரின் டயாலிசிஸுக்கு உதவுவதை முதலில் என்னால் நம்ப முடியவில்லை.) ஆயினும், கட்டணத்தில் ஒரு பகுதி அரசுப் பணத்திலிருந்து கட்டப்படும் என்று உறுதி தரும் ‘உத்தரவாதக் கடிதத்தை’ அரசியல்வாதியின் அலுவலகத்தில் வாங்கி வரும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. மக்களின் வரிப்பணத்தில் கிடைக்கும் சிகிச்சைக்கு ஒரு தலைவரிடம் நன்றிக்கடன் பட வைக்கும் இந்த ஏற்பாடு எனக்குச் சற்றும் உவப்பானதன்று.

இத்தனைக்கும் சட்டங்களுக்குக் குறைவில்லை. பில்ஹெல்த்துக்கு வித்திட்ட சட்டம் 1995இலேயே வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டின் அனைவருக்குமான நலவாழ்வுச் சட்டம் குடிமக்கள் எல்லோரையும் அதில் சேர்த்தது. ஆனால், பில்ஹெல்த் பெரும்பாலும் நோய்க்கும் சிகிச்சைக்கும் ஏற்ப ஒரு நிலையான தொகையையே தருவதால், தனியார் மருத்துவமனையில் மீதித் தொகை குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. பணம் கட்டவில்லை என்பதற்காகக் குணமான நோயாளியைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். கடன் உறுதிச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறலாம், ஆனால் தனியறையில் தங்கியவர்களுக்கு இது பொருந்தாது. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்பதற்கான தண்டனையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாக்கியது.

2025 ஜூலையில் அதிபர் மார்க்கோஸ், சுகாதாரத் துறை மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் நோயாளிகள் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று அறிவித்தார். இந்த அறிவிப்பைப் படிப்பவர்கள் ‘சுகாதாரத் துறை’ என்னும் சொற்களைக் கவனிக்க வேண்டும். 1991ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு மாகாண, நகர மருத்துவமனைகள் பல அந்தந்த உள்ளாட்சிகளின் பொறுப்பில் இருக்கின்றன. டாஃப்ட் அவென்யூவில் உள்ள புகழ்பெற்ற பிலிப்பைன்ஸ் பொது மருத்துவமனையோ பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே அரசு மருத்துவமனைதான். ஆகவே, அவசரமில்லாத சிகிச்சை என்றால், சேரும் முன்பே அந்த மருத்துவமனை யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது, பொது வார்டில் இடம் இருக்கிறதா என்ற இரண்டையும் அங்குள்ள சமூகப் பணியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.