காலைப் பெரட்டு

சுங்கை சிப்புட், மலேசியா, 2025

அக்டோபர் 3, வெள்ளி

தோசை வெந்துகொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. ரோஜாப்பூப் படம், "இனிய காலை வணக்கம்". அனுப்பியவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர். 36 வருடத்தில் அவர் எனக்குப் பூ கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதுவும் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 212 பேருக்கும் போய்விட்ட பூ. "தோசை ஆறுகிறது" என்று பதில் போட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து மகன் காணொளியில் வந்தான். இனிப்புநீர் (சர்க்கரை) ஏறியிருக்கிறது என்றதும், தண்ணீர் குடிக்க நினைவூட்டும் செயலி ஒன்றை இறக்க வைத்தான். "உங்களையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் அம்மா." வெள்ளிதோறும் நல்லெண்ணெய் தேய்த்து முழுகிய என் அம்மா அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. மாலையில் கோயிலில் தீபாராதனை நேரம் பார்த்துச் செயலி கூவியது. பூசாரி பார்த்த பார்வை!

அக்டோபர் 9, வியாழன்

கங்காணி வீட்டு அக்கா செவ்வாய் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்து, புதன் மாலை வரை அப்படியே கிடந்திருக்கிறார். ரொட்டிக்காரர் கூப்பிட்டும் பதில் வராததால்தான் தெரிந்தது. தினமும் ஆறு மணிக்கு விளக்குப் படம் அனுப்புகிறவர் அவர். புதனன்று அது வரவில்லை. 212 பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

தோட்டத்தில் இது நடந்திருக்காது. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் வடிவது நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே பெரட்டு, அதாவது வேலையாட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. அன்றைக்கு ஐந்தரை மணி. 1982-இல் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவிட்டார்களே, அந்தக் கணக்கில் இன்றைய ஆறு. அக்கா விளக்கேற்றும் அதே நேரம். தோட்டத்துக் கணக்கர், கிராணி, பெயர் கூப்பிடுவார். குரல் வராவிட்டால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, ஆள் ஓடும். பிந்தினால் அரைநாள் கூலி. அன்பினால் வந்த வழக்கமில்லை, துரையின் கூலிக் கணக்கு. ஆனாலும் யார் எழவில்லை என்பது விடிவதற்குள் தெரிந்துவிடும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்தை இடித்தார்கள், ஆளுக்கொரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கதவைச் சாத்திக்கொண்டோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

மருத்துவமனைக்குப் போனேன். இடுப்பெலும்பு தப்பித்தது. "விழுந்த வலியைவிட, கூடத்தில் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்ததுதான் தாங்கவில்லை" என்றார் அக்கா. அடித்ததெல்லாம் காலை வணக்கம்.

வீடு திரும்பியதும், தனியாக இருக்கும் ஒன்பது பெண்களைச் சேர்த்துப் புதுக் குழு. பூப்படம் கூடாது. ஏழு மணிக்குள் "இருக்கிறேன்" என்று ஒரு சொல். வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். "எல்லாம் நாலு நாளைக்கு" என்றார் வீட்டுக்காரர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோனபோது, 1960-இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால்வெட்டுக்காரர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். அப்பாவும் கட்டினார். அந்தக் காசில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். பத்து வெள்ளி கொடுத்த கூட்டத்துக்கு ஒரு சொல் கொடுக்கவா வராது?

அக்டோபர் 17, வெள்ளி

இரண்டு நாள் வீண் பதற்றம். ஒருவர் தூங்கிவிட்டார், ஒருவருக்கு டேட்டா தீர்ந்துவிட்டது. இரண்டு கதவையும் நானே தட்டினேன். இரண்டாவது வீட்டில் இட்லி கிடைத்தது. மருத்துவர் சொன்ன அரைமணி நடையும் ஆயிற்று. தண்ணீர்ச் செயலியை நீக்கிவிட்டேன், மகனிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 20, தீபாவளி

மகன் வந்திருக்கிறான். எண்ணெய் தேய்க்க எழுப்பினால் போர்வையை இழுத்துக்கொள்கிறான். ஒன்பது பேரும் ஏழுக்குள் வந்துவிட்டார்கள், அக்கா அவர் மகள் வீட்டிலிருந்து.

ஏழேகாலுக்கு மறுபடி சிணுங்கியது. கூடத்திலிருந்து. பூ இல்லை. "இருக்கிறேன்."

"பிந்திவிட்டீர்கள், அரைநாள் கூலிதான்" என்று எழுதி அனுப்பிவிட்டு, அவருடைய காப்பியை எடுத்துக்கொண்டு போனேன்.