டென்ஷன் என்ற ஒரே சொல்

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள் மாலை, நான் வேலை பார்க்கும் வங்கியின் கேஷ் கவுண்டரில் கணக்கை முடிக்கும்போது எனக்கு 10,000 ரூபாய் குறைந்தது. வவுச்சர்களை மூன்று முறை கூட்டினேன். நோட்டுகளை மெஷினில் ஒரு முறையும் கையால் ஒரு முறையும் எண்ணினேன். இழுப்பறையை உருவிக் கவிழ்த்தும் பார்த்தாயிற்று. டேலி ஆகவில்லை. அந்தத் தொகையை என் கணக்கிலிருந்து கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள், டிபன் பாக்ஸைக் கழுவப் போடவில்லை என்ற ஒரே குற்றத்துக்காக என் மகனை அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன். "உங்கம்மா இன்னைக்கு டென்ஷன்ல இருக்கா, பக்கத்துல போகாதடா" என்று மாமியார் அவனிடம் தணிந்த குரலில் சொன்னது அடுக்களை வரை கேட்டது.

திட்டி முடித்தபின் மனம் ஆறியிருக்க வேண்டுமே! ஆறவில்லை, இரவு பதினொரு மணிக்கும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கொட்டித் தீர்த்துவிட்டால் கோபம் அடங்கிவிடும் என்பதை நாம் எல்லோரும் நம்புகிறோம். பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்துடன் இருந்தார்கள். என் வீட்டில் அன்று குத்துப்பையாக இருந்தது ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை.

அதன்பின் சில மாதங்கள் ஒரு மனநல ஆலோசகரிடம் சென்றுவந்தேன். அவர் சொல்லித் தந்தவற்றுள் பெரும்பகுதி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. என்னும் சிகிச்சை முறையிலிருந்து எடுத்தவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் விடாமல் வாட்டியவர்களுக்காக அவர் வகுத்த முறை அது. இளம்வயதில் தாமும் அதே துன்பத்தோடு மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அந்தச் சிகிச்சை முழுவதும் தேவைப்படவில்லை. இரண்டு மூன்று பயிற்சிகளே போதுமானவையாக இருந்தன.

முதல் பயிற்சி உடலுக்கானது. பொங்கி வழிகிற பாலிடம் நியாயம் பேசிப் பயனில்லை, அடுப்பைத்தான் அணைக்க வேண்டும். ஓர் அகன்ற பாத்திரத்தில் குளிர்ந்த நீரை நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணும் கன்னமும் நனையும்படி முகத்தை 15 முதல் 30 விநாடி வரை அதில் ஆழ்த்த வேண்டும். முகத்தில் குளிர் படுவதும் மூச்சு நிற்பதும் ஒன்றாக நிகழும்போது, நாம் நீருக்குள் மூழ்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு, வேகஸ் நரம்பின் வழியே உடல் இதயத் துடிப்பைக் குறைக்கிறது. கடல்நாய்களுக்கும் திமிங்கிலங்களுக்கும் உள்ள அதே அனிச்சைச் செயல்தான் இது. இதயக் கோளாறு உள்ளவர்களும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. கவுண்டரில் அமர்ந்துகொண்டு பாத்திரத்தில் முகத்தை விட முடியாதாகையால், அங்கே நான் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுகிறேன். நாளெல்லாம் எண்ணுகிறவளுக்கு இது ஒரு சிரமமா?

துடிப்பு தணிந்தபின் செய்ய வேண்டியதே எனக்கு உண்மையில் உதவியது: வந்திருப்பது என்ன உணர்ச்சி என்று பெயர் சொல்லிப் பார்ப்பது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சினமோ அச்சமோ தெரியும் முகப்படங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, மூளையில் ஆபத்தை உணர்ந்து விழித்துக்கொள்ளும் அமிக்டலாவின் செயல்பாடு குறைவதைக் காட்டியது. ஆலோசகர் இதைச் செய்யச் சொன்னபோது நான் எழுதிய முதல் சொல் 'டென்ஷன்'. அவர் சிரித்துவிட்டார். எல்லா நோய்க்கும் 'உடம்பு சரியில்லை' என்று சொல்வதைப் போன்றதுதான் அந்தச் சொல். பொய்யில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு மருந்து எழுத முடியாது.

தமிழில் நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? எரிச்சல், பதைப்பு, சலிப்பு, ஆதங்கம், ஆற்றாமை, மனத்தாங்கல் என்று எழுத எழுத வந்துகொண்டே இருந்தன. ஆதங்கத்தில் அக்கறை கலந்திருக்கிறது. மனத்தாங்கல் நமக்கு வேண்டியவர்களிடம் மட்டுமே வரும்; வழிப்போக்கன் மீது யாருக்கும் மனத்தாங்கல் வருவதில்லை. ஆற்றாமையில் கோபமும் உண்டு, ஆனால் செய்ய ஒன்றுமில்லை என்ற கையறு நிலைதான் அதில் தூக்கலாக இருக்கும். இப்படி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தபோது, அந்த மார்ச் மாலையில் என்னை உலுக்கியது இவற்றில் எதுவுமே இல்லை, பணம் போன கவலைகூட இல்லை என்பது தெரிந்தது. "இருபது வருஷ சர்வீஸ், நீங்களுமா மேடம்?" என்று ஹெட் கேஷியர் எல்லார் எதிரிலும் கேட்டாரே, அந்த இடம்தான். அது அவமானம்.

பெயர் தெரிந்தவுடன் அடுத்த பயிற்சிக்கு வழி கிடைத்தது. ஒவ்வோர் உணர்ச்சியும் நம்மை ஒன்றைச் செய்யத் தூண்டுகிறது; அந்தத் தூண்டுதல் நடந்ததற்குப் பொருந்தாததாக இருந்தால், வேண்டுமென்றே அதற்கு நேர்மாறானதைச் செய்ய வேண்டும் என்பது லினஹன் முறை. அவமானம் ஒளிந்துகொள்ளச் சொல்லும். அந்த வாரத்தில் இரண்டு நாள் நான் ரெக்கார்ட் ரூமில் பழைய லெட்ஜர்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதற்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. நான் செய்தது திருட்டல்ல, கைப்பிழை. ஒளிய வேண்டிய தேவையில்லை. ஜூன் மாதத்தில் ஒரு நாள் மதியம், எல்லோரும் சாப்பிடும் மேசையில் நானாகவே அந்தக் கதையை எடுத்தேன்: 40,000 ரூபாய் வவுச்சருக்கு, எண்பது 500 ரூபாய் நோட்டுகளைப் பிரித்து எண்ணாமல் நூறு நோட்டுள்ள முழுக் கட்டையும் தூக்கிக் கொடுத்ததை. பணம் மறுநாளே திரும்பி வந்திருந்தது. அதை வாங்கிச் சென்ற பெரியவர் பிரிக்காத கட்டோடு கொண்டுவந்து தந்தார். ஆனாலும் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஹெட் கேஷியர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, தாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே நாளில் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகமாக ஷார்ட் வைத்த கதையைச் சொன்னார்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சிகள் போதா. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இப்போது 'டென்ஷன்' என்று யாராவது சொன்னால், "எந்த டென்ஷன்?" என்ற கேள்வி உடனே வரும். போன வாரம் டிபன் பாக்ஸ் மறுபடியும் பைக்குள்ளேயே கிடந்தது. ஏன் கழுவப் போடவில்லை என்று கேட்டதற்கு, தனக்கு இன்று ஆற்றாமையாக இருக்கிறது என்றான் மகன்.