சங்கீதம் 88

என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நாகர்கோவில்காரருக்கு இளநீரும் நேந்திரம்பழமும் ஆகாது என்பது தனித் தண்டனை. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கிறேன்.

பார்க்க வருபவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் வேதாகமத்திலிருந்து, ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ என்று தொடங்கும் 23ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு, விசுவாசம் இருந்தால் சுகம் கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்காவிட்டால்? விசுவாசம் போதவில்லை என்றா பொருள்? (எங்கள் போதகர் அப்படிச் சொல்வதில்லை. சொல்பவர்கள் எப்போதும் தூரத்து உறவினர்கள்.)

எனக்குத் துணை 88ஆம் சங்கீதம். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. தொடக்கத்தில் கர்த்தரை இரட்சிப்பின் தேவன் என்று அழைப்பதோடு சரி, முடிவது இருளில். ஆனாலும் அதைப் பாடிய மனிதர் இரவும் பகலும் கூப்பிடுகிறார், காலையிலும் ஜெபிக்கிறார். பதில் வந்ததாக ஒரு வரியும் இல்லை. இப்படியொரு ஜெபத்தை நீக்காமல் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குத் தைரியம். மெஷின் ஓடும் நேரத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் கர்த்தரிடம் சண்டை போடுகிறேன். நன்றி சொல்ல முடிகிற நாளில் நன்றியும் சொல்கிறேன். நேற்று என் கணவருக்கு நீர் தேங்கி எடை அதிகம் ஏறிவிடவில்லை, கால் வீக்கமும் இல்லை. அதனால் சண்டை கொஞ்சம் குறைவு.