எம்ஜிபி எண்ணெய்க் கசிவு: வேலைக் குறிப்பு

ஜனவரி 4

வண்டி 1970 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, கிராங்க் தண்டை ஐந்து மெயின் பேரிங் தாங்கும் இன்ஜின். அடியில் அட்டை விரித்து ஒரு ராத்திரி விட்டதில் மூன்று இடத்தில் சொட்டு: சம்ப்பின் (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இடது விளிம்பு, அதன் பின் மூலை, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள கிளட்ச் ஹவுசிங்கின் அடி ஓட்டையில் தொங்கும் ஸ்பிலிட் பின் (பிளவுக் கம்பி ஊசி). அந்த ஊசி நனைந்திருந்தாலே "பின்பக்க மெயின் சீல் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். மெயின் சீல் என்பது கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் வளையம். அவர்கள் சொல்வதை நம்பி இன்ஜினை இறக்கினால் பாதி வண்டிகளில் வீண் வேலைதான். மேலே கசியும் எண்ணெய் வழிந்து, ஓட்டக் காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.

ஜனவரி 5

டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டர்களையும் பாலிதீன் பையால் மூடி, டீகிரீஸர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காற்றடித்து உலர்த்தியாயிற்று. இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் பழைய எண்ணெய் எது, புது எண்ணெய் எது என்றே தெரியாது.

இன்ஜினில் ஏறக்குறைய 4.25 லிட்டர் 20டபிள்யூ50 தர எண்ணெய். அதில் 30 மில்லி ஒளிரும் சாயம். கியர்பாக்ஸுக்கும் இதே எண்ணெய்தான் என்பதால், நிறத்தையோ வாசனையையோ வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. சாயம் இன்ஜினுக்கு மட்டும்.

ஜனவரி 6

25 நிமிடம் ஓட்டியபின் இருட்டில் புற ஊதா டார்ச். ராக்கர் கவரின் (இன்ஜின் ஹெட்டின் மேல்மூடி) பின் மூலையிலிருந்து நூல் கனத்தில் ஒரு பச்சைக் கோடு ஹெட் வழியாக இறங்கி, கிளட்ச் ஹவுசிங்கின் வெளிப்புறம் ஓடி, ஸ்பிலிட் பின்னில் முடிகிறது. இடப்பக்கம் முன் டேப்பெட் கவரை (இன்ஜின் பிளாக்கின் பக்க மூடி) சுற்றி முழுக்கப் பச்சை. சம்ப் கேஸ்கெட்டின் மேல் ஓரம்தான் நனைந்திருக்கிறது. அதன்மேல் குற்றமில்லை.

அடுத்தது பிரீதர், அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி. சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் மூடியைக் கழற்றி, வாயில் மெல்லிய பாலிதீன் தாளை வைத்தால் அது உள்ளே குழிய வேண்டும். இங்கே தாள் மேலே உப்பித் துடித்தது. கார்புரேட்டர்கள் உறிஞ்சும் குழாய் முன் டேப்பெட் கவரிலுள்ள பிரிப்பானில்தான் முடிகிறது. அதன் உள்ளே இருக்கும் கம்பி வலை அடைத்தால் கிராங்க்கேஸில் (கிராங்க் தண்டு சுழலும் அடி அறை) அழுத்தம் ஏறும், எந்த கேஸ்கெட் பலவீனமோ அது வழியாக எண்ணெய் வெளியேறும். இதை விட்டுவிட்டு கேஸ்கெட் மட்டும் மாற்றினால் சில வாரத்தில் பழைய கதைதான்.

ஜனவரி 11

கார்புரேட்டர், மேனிஃபோல்ட் எல்லாம் கழற்றினால்தான் டேப்பெட் கவருக்குக் கை போகும். பிரிப்பானை ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் குலுக்கியதில் தார் மாதிரி கசடு வந்தது. குழாயில் வாய் வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் போகும்வரை மூன்று தடவை.

கவரை ஒரே நடு போல்ட்தான் பிடிக்கிறது. கசிகிறதே என்று இறுக்க இறுக்க நடு குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். கண்ணாடிமேல் வைத்துப் பார்த்ததில் இரு முனையிலும் ஒளி தெரிந்தது. மரக்கட்டைமேல் வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்தியாயிற்று. புது கார்க் கேஸ்கெட்டைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டி, பிளாக் பக்கம் லேசாக கிரீஸ். போல்ட் வாஷரும் புதிது, அந்த ஓட்டை வழியாகவும் எண்ணெய் வரும். 5 பவுண்டு-அடி, அதாவது 7 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம். பின் கவருக்கும் இதே வைத்தியம்.

ஜனவரி 12

ராக்கர் கவர். கார்க் கல்லாக இறுகியிருந்தது, நட்டுக்கு அடியிலிருந்த ரப்பர் புஷ்களும் அப்படியே. எல்லாம் புதிது, 4 பவுண்டு-அடி. எண்ணெய் மூடியும் மாற்றியாயிற்று: உள்ளே வரும் காற்றை வடிகட்டுவது அதுதான், கழுவிப் பயனில்லை.

ஜனவரி 18

மறுபடி கழுவி, சுமார் 150 கிலோமீட்டர் ஓட்டம். இப்போது தாள் உள்ளே குழிகிறது. டேப்பெட் கவர்கள், ராக்கர் கவர், சம்ப் விளிம்பு எல்லாம் காய்ந்தபடி. ஸ்பிலிட் பின்னில் மட்டும் ஒரு சொட்டு தொங்குகிறது. டார்ச் அடித்தால் ஒளிரவில்லை. மெயின் சீல் நன்றாக இருக்கிறது, கசிவது கியர்பாக்ஸ் முன் கவர் சீல். கியர்பாக்ஸ் எண்ணெய் அளவைக் குறித்து வைத்தாயிற்று, கிளட்ச் தட்டு மாற்றும்போது அந்த சீலும் மாறும்.