சோலைக்கிளியும் சிரிப்பானும்: முதலில் மலையைப் பாருங்கள்

சோலைக்கிளி என்றதும் பச்சைக்கிளியைத் தேட வேண்டாம். மலையாளத்தில் சின்னப் பறவை எதையும் கிளி என்பார்கள். அந்தக் கிளிதான் இது. 15 செ.மீ. நீளம், கருநீல உடல், நீண்ட கால். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேல், மலைமடிப்புகளில் அடர்ந்து நிற்கும் சோலைக்காட்டின் இருட்டில் தரையோடு தரையாகத் திரியும். அதே மலைகளில், சிரிப்பது போலக் கத்தும் சிரிப்பான்களும் உண்டு. சோலைக்கிளியும் இந்த மலைகளின் சிரிப்பான்களும் உலகில் வேறெங்கும் இல்லை. 2017இல் இவற்றின் வகைப்பாடு மாறியது. பழைய பறவைக் கையேட்டை வைத்துப் பட்டியல் எழுதுகிறவர்கள் இன்றும் தடுமாறுவது இதனால்தான்.

சோலைக்கிளியை நெடுங்காலம் பிராக்கிப்டெரிக்ஸ் என்னும் குட்டைச்சிறகன் பேரினத்தில் வைத்திருந்தார்கள். குட்டை இறக்கை, நீண்ட கால், புதரடி வாழ்க்கை என்று பார்வைக்கு எல்லாம் பொருந்தியது. பிறகு மியோமெலாவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். மரபணுவைப் படித்தபோது இரண்டுமே தவறு என்று தெரிந்தது. இதன் நெருங்கிய சொந்தம் நில்டாவா, சயோர்னிஸ் என்கிற நீல ஈப்பிடிப்பான்கள். கிளையில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் கூட்டத்திலிருந்து ஒன்று தரையிறங்கி, இருட்டுக்கு ஏற்ற உருவம் பெற்றிருக்கிறது. அதனால் ஷோலிகோலா என்று புதுப் பேரினம். சிரிப்பான்களின் கதையும் இதேதான்: இமயமலைச் சிரிப்பான்களோடு சேர்த்து வைத்திருந்தவை, உண்மையில் லியோத்ரிக்ஸ், சிபியா கூட்டத்துக்கு நெருக்கமானவை. அவற்றுக்கு மான்டெசிங்க்லா என்று பெயர் வைத்தார்கள்.

எந்தச் சிற்றினம் எங்கே என்பதை முடிவு செய்வது கணவாய்கள். குளிர்ந்த உச்சியில் வாழப் பழகிய பறவைக்கு வெப்பமான தாழ்நிலம் கடல் மாதிரி. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி சோலைக்கிளி: நீலகிரி, சிறுவாணி, வயநாடு, குடகு, பாபாபுடன் வரை. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனிமலை, மேகமலைப் பக்கம் வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் அசம்பு சோலைக்கிளி. இதை 2017இல்தான் புதுச் சிற்றினமாக விவரித்தார்கள்.

சிரிப்பானில் மூன்று அல்ல, நான்கு. தெற்கே அதே கணக்கு: ஆனைமலை, பழனிமலையில் பழனி சிரிப்பான், அகத்தியமலையில் அசம்பு சிரிப்பான். வடக்கே மட்டும் இன்னொரு பிளவு. சாலியாற்றுப் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் நீலகிரி சிரிப்பான், அந்தப் பக்கம் வயநாட்டின் பாணாசுரமலை, குடகில் பாணாசுர சிரிப்பான். எல்லாப் பறவைக்கும் இந்தக் கணவாய்கள் தடையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2015இல் வெளியான ஆய்வொன்று 23 மலைப்பறவைச் சிற்றினங்களை எடுத்துப் பார்த்தது. மிகப் பழைய பிளவு பாலக்காட்டுக் கணவாயில் தெரிந்தது 10 சிற்றினங்களில்தான்.

ஆகவே களத்தில் முதல் கேள்வி, நிற்பது எந்த மலை? கோவைக்காரர்களுக்கு இது முக்கியம். சிறுவாணி மலையும் வால்பாறைக்கு மேலிருக்கும் புல்மலையும் இரண்டுமே பக்கத்து மலை போலத் தோன்றும். ஆனால் முன்னது கணவாய்க்கு வடக்கு, பின்னது தெற்கு. ஒரே பெயரை இரண்டு இடத்துக்கும் எழுதினால் ஒன்று நிச்சயம் தப்பு.

பிறகு உடலைப் பாருங்கள். நீலகிரி சோலைக்கிளிக்கு விலாவிலும் வாலடியிலும் செம்பழுப்பு இருக்கும், புருவக்கோடு மங்கல். வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளியின் விலா கருநீலச் சாம்பல், நெற்றியும் புருவமும் பளிச்சென்று வெளிறியிருக்கும். அசம்பு இதை மிகவும் ஒத்தது; இருட்டில் பார்த்துப் பிரிக்க முயல்வதைவிட மலையை நம்புவது மேல். சிரிப்பான்களில் நீலகிரிக்கு அடிப்பக்கம் முழுக்கச் செம்பழுப்பு, முகவாய் கறுப்பு. பாணாசுரத்துக்குத் தொண்டையும் மார்பும் சாம்பல். பழனிக்கு வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டி நீளும். அசம்புக்குக் கண்ணோடு நின்றுவிடும்.

பெயரில்தான் பெரிய பொறி. பழைய ஆங்கில நூல்களில் 'வெள்ளைவயிற்றுக் குட்டைச்சிறகன்' என்றால் மூன்று சோலைக்கிளிகளும் சேர்ந்தது. அந்தப் பெயரில் ஊட்டியிலிருந்து வந்த பழைய பதிவை, 'வெள்ளைவயிறு' என்ற சொல்லை மட்டும் பார்த்து இன்றைய வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி என்று மாற்றினால், தெற்கத்திப் பறவை வடக்கே பறந்துவிடும். சாம்பல்மார்புச் சிரிப்பான் என்பதும் இப்படியே: ஒரு காலத்தில் அது பாணாசுரம், பழனி, அசம்பு மூன்றுக்கும் பொது. பழைய பதிவுகளைத் திருத்தும்போது பெயரை விட்டுவிட்டு இடத்தை மட்டும் வைத்துத் திருத்துங்கள்.

பார்க்க நல்ல நேரம் விடியலும் அந்தியும். சோலைக்கிளி சில இடங்களில் காட்டோரத் தோட்டங்களுக்கும் வரும்; அசையாமல் உட்கார்ந்தால் பாதையிலேயே இரை தேடும். சிரிப்பான் கூட்டமாகத் தவிட்டுப்பழப் புதர்களில் இரைச்சலிடும், தேட வேண்டியதில்லை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு சோலைக்கிளியை வரவழைக்காதீர்கள். அது தன் எல்லையைக் காக்க வெளியே வந்து, கூட்டையோ இரையையோ விட்டு நிற்கும். மார்ச் முதல் ஜூன் வரை, கூடு கட்டும் காலத்தில், இன்னும் கெடுதல்.