‘20 இஞ்சிச் செயின்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்

மரம் வெட்டும் செயின் சோ மெசினுக்குப் புதுச் செயின் வாங்க ரவுணுக்கு முதல் தரம் போனது முழு வீண். “எத்தினை இஞ்சி பிளேட், தம்பி?” என்று கடைக்காரர் கேட்டார். பிளேட் என்றால் செயின் சுற்றி ஓடும் நீட்டுத் தகடு. 20 என்றதும் ஒரு செயினை எடுத்துத் தந்தார், நாக்கில், அதாவது பிளேட்டின் காடிக்குள் இறங்கி ஓடும் துண்டில், 20 என்று குத்தியும் இருந்தது. பிளேட்டில் லேசாக ஏறியது, நாக்குகளும் சரியாக 76. வேப்பங்குத்தியில் வைத்தால் வெட்டு ஒரு பக்கமாக வளைகிறது. பல்லோ புத்தம் புதுசு, செயினில் யாருக்குச் சந்தேகம் வரும்?

நாக்கில் குத்தியிருந்த அந்த 20 இஞ்சிக் கணக்கே அல்ல. ஓரிகன் கொம்பனிச் செயினில் .325 இஞ்சி பிட்சுக்கு (செயின் கண்ணிகளின் இடைவெளி) 20 என்றால் நாக்கின் தடிப்பு 1.3 மி.மீ., 21 என்றால் 1.5, 22 என்றால் 1.6. பிளேட்டின் காடி 1.5. தடித்த நாக்கு என்றால் உள்ளே இறங்காது, பிழை அங்கேயே தெரிந்துவிடும். மெல்லியதுதான் ஏமாற்றும், காடிக்குள் சாய்ந்து ஓடும். ஒயில் பட்ட செயினைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை.

ஆகவே பழைய செயினைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அடுத்தடுத்த மூன்று றிவெற்றுகளின் தூரத்தில் பாதிதான் பிட்ச். அதோடு நாக்கின் தடிப்பையும் நாக்குகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். சீன 58 சிசி மெசினில் 20 இஞ்சிக்குப் பெரும்பாலும் பிட்ச் .325, தடிப்பு 1.5, நாக்கு 76. .325 பிட்ச் போடும் ஹஸ்க்வர்னா மெசினில் அதே 20 இஞ்சிக்கு 80 நாக்கு வரும்.

பல்லில் மூலை கூரானது வேகமாக வெட்டும். ஆனால் எங்கள் மணலுக்கும் பனை வைரத்துக்கும் அந்த மூலைதான் முதலில் போகும். மூலை உருண்டதையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்த எதிரி, சண்டைக் காலத்தில் மரத்துக்குள் புகுந்து கிடக்கும் சன்னமும் (துவக்குக் குண்டு) ஷெல் துண்டும். பனையில் பட்ட ஓட்டை மூடாது, கண்ணுக்குத் தெரியும். வேம்பும் பூவரசும்தான் பட்டை மூடி உள்ளே ஒளித்து வைத்திருக்கும். புடைத்த தழும்பு கண்டால் ஒரு முழம் தள்ளி வெட்டுங்கள். இரும்பில் ஒரு தரம் பட்டால் பல்லின் மேலுள்ள குரோம் உதிரும். அந்த உதிர்ந்த இடம் முழுக்கப் போகும்வரை அராவ வேணும். பிறகு மற்றப் பல்லுகளையும் அதே நீளத்துக்குக் குறைக்காவிட்டால் மறுபடி வளைந்துதான் வெட்டும்.

.325க்கு 4.8 மி.மீ. வட்ட அரம், 30 பாகைச் சரிவு. உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். நாலு தரம் அராவினால் ஒரு தரம் பல்லுக்கு முன்னால் நிற்கும் கொம்பையும் பாருங்கள்: பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேணும். ‘நல்லாக் கடிக்கும்’ என்று அதை ஒரேயடியாக அராவித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட செயின் மரத்தைக் கவ்விப் பிடிக்கும், மெசின் முகத்துக்கு நேரே துள்ளும். விலகி நில்லுங்கள் என்பதல்ல, அந்தச் செயினைப் போடவே வேண்டாம்.

செயினுக்கு எரிந்த எஞ்சின் ஒயிலை ஊற்றுவது ஊர்ப் பழக்கம். அதிலுள்ள இரும்புத் தூள் ஒயில் பம்பையும் காடியையும் தின்னும். பிளேட்டின் நுனியை ஒரு காகிதத்துக்கு மேல் பிடித்து அக்சிலேற்றரை அழுத்துங்கள். ஒயில் கோடு விழவில்லை என்றால் துவாரம் அடைபட்டிருக்கிறது.

ரெண்டு செயினுக்கு ஒரு தரம் ஸ்புரொக்கெட்டை (செயினை ஓட்டும் பல்சக்கரம்) மாற்றுங்கள், ஒவ்வொரு செயினுக்கும் பிளேட்டைக் கீழ்மேலாகத் திருப்பிப் போடுங்கள். சூட்டில் நீண்ட செயினை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட்டே வையுங்கள். ஆறும்போது அது சுருங்கி எஞ்சினின் கிராங் பெயரிங்கை இழுக்கும்.